அம்மாவின் சேலைகளில் ஒரு கால்மிதி

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். அம்மா உடுத்திய 11 பருத்திச் சேலைகள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்றைக் கிழித்து, குரோஷா ஊசியால் வட்டமான விரிப்பு பின்ன ஆரம்பித்தீர்கள். வீடியோவில் சொன்னபடி 6 கண்ணியில் (ஊசியால் போடுகிற ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) தொடங்கி, ஒரே கண்ணிக்குள் இரண்டு போட்டுச் சுற்றுக்கு 6 கண்ணி கூட்டிக்கொண்டே வந்தும் எட்டாவது சுற்றில் அது தரையில் படியாமல் கிண்ணம் போல எழும்பி நிற்கிறது. சேலைத் துணி மெல்லிசு, அதனால்தான் இப்படி என்று ஒருவர் சொல்லிவிட்டார். விட்டுவிடலாமா, எந்த ஊசி வேண்டும், எத்தனை சேலை ஆகும், வாஷிங் மெஷின் தாங்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் "அம்மா சேலையைக் காலால் மிதிக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று படுகிறது. ஒன்றைக் கிழித்தாயிற்று, மிச்சம் பத்தையும் பாழாக்கிவிடுவோமோ என்ற பயம்தான் மற்றதையெல்லாம் கேட்க வைக்கிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எதுவும் பாழாகவில்லை. குரோஷா பின்னலை நுனியைப் பிடித்து இழுத்தால் தொடக்கம் வரை அவிழ்ந்து வந்துவிடும். கிழித்த சேலை நாடாவாக அப்படியே உங்கள் கையில் இருக்கும். ஆனால் இந்த வட்டம் தரையில் படியும் வரைக்கும் இன்னொரு சேலையைத் தொடாதீர்கள். நான் ஒரு பெண்கள் பள்ளியில் 27 வருடம் தையல் டீச்சராக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலேயே குரோஷா சொல்லித் தருகிறேன். பழந்துணி விரிப்பு பின்ன வருகிற எல்லோரையும் முதலில் ஒரு பழைய லுங்கியிலோ கிழிந்த பெட்ஷீட்டிலோதான் உட்கார வைப்பேன். கை பழகட்டும் என்பது ஒரு காரணம். பிரியமான துணியில் பழகும்போது ஒவ்வொரு தப்புக்கும் மனசு பதறும், பதறினால் கை இறுகும் என்பது இன்னொன்று.

கிண்ணம் ஏன் வருகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அது வெறும் கணக்கு. வட்டத்தின் சுற்றளவு என்பது ஆரத்தைப் போல 6.28 மடங்கு. நீங்கள் ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்படியானால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். கண்ணியின் உயரமும் அகலமும் சமமாக இருந்தால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் போதும், மிச்சமிருக்கும் சொச்சத்தைத் துணியின் இளக்கம் விழுங்கிக்கொள்ளும். எல்லா வீடியோவும் சொல்கிற "ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு" இங்கேயிருந்துதான் வருகிறது. அந்தக் கணக்கு நூலுக்குச் சரி. சேலை நாடாவில் பின்னும்போது பெரும்பாலானவர்களுக்குக் கண்ணி அகலத்தைவிடச் சற்று உயரமாக எழுந்து நிற்கும். உயரம் கூடினால் 6 போதாது. விளிம்புக்கு வேண்டிய நீளம் கிடைக்காமல் போவதால் அது உள்ளே இழுத்துக்கொண்டு மேலே எழும்புகிறது. இதற்கு நேர்மாறாகக் கண்ணியை அதிகமாகக் கூட்டிவிட்டால் விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி நெளியும்.

உங்களுக்கு எத்தனை கூட்ட வேண்டும் என்பதை நீங்களே அளந்து கண்டுபிடிக்கலாம். இப்போது கையில் இருக்கிற வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை, துணி வளைந்தபடியே, இன்ச் டேப் வைத்து அளந்து சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அது ஒரு கண்ணியின் உயரம். பிறகு கடைசிச் சுற்றில் அடுத்தடுத்து 10 கண்ணிகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். அது அகலம். உயரத்தை அகலத்தால் வகுத்து 6.28 ஆல் பெருக்கினால் வரும் எண்தான் உங்கள் கைக்கும் உங்கள் துணிக்கும் உரிய எண். உயரம் 0.9 இன்ச், அகலம் 0.8 இன்ச் என்று வந்தால் விடை 7.07, அதாவது 7. முதல் சுற்றில் 7 கண்ணி, பிறகு 14, 21, 28. எட்டு வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், என் மாணவிகளில் சிலருக்கு எட்டுதான். விடை 12ஐ ஒட்டி வந்தால் மட்டும் விஷயம் வேறு, அதைச் சொல்ல வேண்டும்.

ஒரே பெயர் அமெரிக்காவில் ஒரு கண்ணியையும் இங்கிலாந்தில் வேறொரு கண்ணியையும் குறிக்கும். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் குட்டைக் கண்ணியை இங்கிலாந்தில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள் குரோஷே என்பது ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு உயரமான கண்ணி, இங்கிலாந்தில் அதன் பெயர் டிரெபிள். நீங்கள் ஒரு வீடியோவில் கண்ணியைக் கற்றுக்கொண்டு, வேறொரு வீடியோவில் கணக்கை எடுத்திருந்தால், உயரமான கண்ணிக்குக் குட்டைக் கண்ணியின் கணக்கைப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. உயரக் கண்ணிக்கு 12ல் தொடங்கிச் சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். ஊசியில் நூலைச் சுற்றாமல் நேராகக் கண்ணிக்குள் நுழைத்தால் குட்டை. ஒரு முறை சுற்றிக்கொண்டு நுழைத்து, இரண்டிரண்டாக இரு தடவை கழித்தால் உயரம். நீங்கள் எழுதியதை வைத்து எது என்று தெரியவில்லை, ஆனால் எட்டு சுற்று வரை சமாளித்து வந்திருப்பதால் குட்டைக் கண்ணியாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். உயரக் கண்ணிக்கு 6 கூட்டினால் மூன்றாவது சுற்றிலேயே தொப்பி ஆகியிருக்கும். தரை விரிப்புக்குக் குட்டைக் கண்ணியே நல்லது. நெருக்கமாக நிற்கும், கால் விரல் மாட்டாது.

சேலை மெல்லிசு என்று சொன்னவர் முழுக்கத் தவறு சொல்லவில்லை, ஆனால் மெல்லிசு கிண்ணத்துக்குக் காரணமல்ல. மெல்லிய துணிக்கு நாடாவை அகலமாகக் கிழித்தால் தீர்ந்தது. தேய்ந்து மெலிந்த சேலைக்கு ஒன்றரை இன்ச், கெட்டியான செட்டிநாட்டுக் கட்டத்துக்கு ஒரு இன்ச், பெட்ஷீட்டுக்கு முக்கால் இன்ச் என்பது என் வழக்கம். நாடாவை முறுக்கிப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினால் எல்லாம் ஒரே பருமனாகத் தெரிய வேண்டும். அகலம் என்னவாக இருந்தாலும் பருமன் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். நடு வட்டத்தைப் பருமனான நாடாவில் பின்னிவிட்டு எட்டாவது சுற்றில் மெல்லிய நாடாவுக்கு மாறினால், கூட்டுகிற கணக்கு சரியாகவே இருந்தாலும் அந்தச் சுற்று சுருங்கி இழுக்கும். சேலையின் முந்திப் பக்கமும் உடல் பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிழிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கஞ்சி போகச் சேலையை அலசி, காயவைத்த பிறகுதான் கிழிக்க வேண்டும். ஜரிகைக் கரை இருந்தால் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகை காலைக் குத்தும், இழை பிரிந்து விரல்களுக்கு நடுவில் மாட்டும். பிறகு நீளவாக்கில், பாவு ஓடுகிற திசையில் கிழியுங்கள். முந்தி ஓரத்தில் கத்தரியால் ஓர் இன்ச் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையால் இழுத்தால் குறுக்கே ஓடும் ஊடை இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பாவு நேர்கோட்டில் வழிகாட்டும். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு நாடா ஐந்தரை மீட்டர் நீளம் கிடைக்கும். 45 இன்ச் அகலச் சேலையை ஒன்றரை இன்ச்சாகக் கிழித்தால் 30 நாடா, மொத்தம் 165 மீட்டர். ஒரு ஓரத்தில் ஓர் இன்ச் மிச்சம் வைத்து நிறுத்தி, அடுத்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினால் முழுச் சேலையும் ஒரே நாடாவாக வரும். திரும்பும் இடத்தில் மூலை பட்டையாகத் துருத்தும், அதைக் கத்தரியால் வளைவாக நறுக்கிவிடுங்கள். கிழிக்கும்போது பஞ்சுத் தூசி நிறையப் பறக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் செய்யுங்கள்.

ஒவ்வொரு நாடாவையும் இரு கையிலும் பிடித்து வெடுக்கென்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். அறுந்தால் அது விரிப்புக்கு ஆகாது. அம்மாவின் சேலையில் அறுகிற இடம் எது என்று கவனியுங்கள். கொசுவத்தின் கீழ் ஓரமும், இடுப்பில் செருகுகிற இடமும், உட்காரும் இடமும்தான் முதலில் நைந்திருக்கும். என் அம்மாவின் பச்சைக் கட்டச் சேலை ஒன்றைக் கிழித்தபோது கொசுவத்துக் கீழ்க்கரை ஒரு சாண் அகலத்துக்குக் கொசுவலை மாதிரி ஆகியிருந்தது, மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருந்தது. அந்தக் கரை என்னிடம் இன்னும் தனியாகச் சுருட்டி இருக்கிறது. மிச்சத்தில் பின்னிய வட்டம் என் கட்டிலுக்கு அருகில் கிடக்கிறது.

நாடாவை நாடாவோடு இணைக்க முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு காலுக்கடியில் கல் மாதிரி உறுத்தும், துவைக்கத் துவைக்க இளகும். இரண்டு நாடாவின் நுனியிலும், நுனியிலிருந்து ஓர் இன்ச் தள்ளி, சட்டைப் பொத்தான் துளை போலச் சிறு வெட்டு ஒன்று போடுங்கள். பின்னிக்கொண்டிருக்கும் நாடாவின் நுனியைப் புது நாடாவின் துளைக்குள் நுழைத்துக்கொள்ளுங்கள். பிறகு புது நாடாவின் மறுமுனையை எடுத்துப் பழைய நாடாவின் துளை வழியாக வாங்கி மெதுவாக இழுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு தட்டையாகப் படியும். பட்டென்று இழுத்தால் துளை கிழியும். முதல் பத்து இணைப்புக்குக் கை தடுமாறும், பதினோராவதில் கண் மூடிக்கொண்டு செய்வீர்கள்.

ஊசி விஷயத்தில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் வாங்குங்கள். மேஜை விரிப்புக்கும் டிவி மேல் போடுகிற லேசுக்கும் வீட்டில் வைத்திருக்கிற எஃகு ஊசி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான், அது இதற்கு உதவாது. பிளாஸ்டிக் ஊசி பருத்தி நாடாவின் இழுவைக்கு வளைகிறது. மரமோ அலுமினியமோ நல்லது. மர ஊசியின் கொக்கிப் பக்கம் சொரசொரப்பாக இருந்தால் நைஸ் உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் பின்னுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் பிசிறு இழுக்கும். ஒரே மூச்சில் அரை மணிக்கு மேல் பின்ன வேண்டாம். துணி விரிப்பில் வேலை முழுக்க மணிக்கட்டுக்குத்தான், நூல் வேலை பழகியவர்கள்கூட இதில் கை வலித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கிண்ணத்துக்கு வருவோம். கடைசிச் சுற்றை மட்டும் அவிழ்த்தால் சரியாகாது. வட்டத்தைத் தரையில் வைத்து நடுவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு வெளியே நகர்த்துங்கள். கை எங்கே மேட்டில் ஏறுகிறதோ அந்தச் சுற்று வரை அவிழ்க்க வேண்டும். அநேகமாக நாலாவது அல்லது ஐந்தாவது சுற்றாக இருக்கும். அங்கிருந்து உங்கள் அளவுக்குரிய எண்ணைக் கூட்டிப் பின்னுங்கள். கூட்டும் இடங்களை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நகர்த்துங்கள், ஒன்றின் மேல் ஒன்றாகவே கூட்டினால் வட்டம் மூலை மூலையாகப் பலகோணமாகிவிடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தரையில் விரித்துப் பாருங்கள், மடியில் வைத்துப் பார்க்காதீர்கள். மடியில் எல்லாமே கிண்ணம்தான். இலேசாக நெளிந்தால் ஒரு சுற்று கூட்டாமலே பின்னலாம், லேசாக எழும்பினால் அடுத்த சுற்றில் இரண்டு கண்ணி அதிகம் கூட்டலாம். கணக்கைவிடத் தரை சொல்வதைக் கேளுங்கள். ஈரமாக்கிக் கனம் வைத்தால் படிந்துவிடும் என்று சொல்வார்கள். சின்ன நெளிவு அப்படிப் படியும். கிண்ணம் படியாது, காய்ந்ததும் பழையபடி எழும்பும்.

எத்தனை சேலை என்பதற்கு ஊகமாகப் பதில் சொல்லாமல் ஒரு வழி சொல்கிறேன். ஓர் அடி விட்டம் வந்ததும் வட்டத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். விட்டம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. அதனால் மூன்றடி விரிப்புக்கு அந்த எடையை ஒன்பதால் பெருக்குங்கள். பிறகு சேலைகளை நிறுத்துப் பாருங்கள். எனக்கு மூன்றடி வட்டத்துக்குத் தேய்ந்த பருத்திச் சேலை மூன்றரை, நாலு ஆகியிருக்கிறது, ஆனால் உங்கள் கை இறுக்கமானால் அதற்கு மேலும் போகும். பாதி விட்டம் வந்தவுடன் பாதி முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்போது கால்பங்குதான் முடிந்திருக்கும். சாயத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு சேலையின் மூலையையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சிவப்புச் சுங்குடி இருந்தால் கட்டாயம் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது நம் வீடுகளில் சொல்லிவருவது. சாயம் போடுகிற தொட்டியில் சாயம் துணியில் ஏற உப்பு உதவுகிறது, அதன் பிறகு கழன்று வருகிற சாயத்தை அது பிடித்து நிறுத்தாது. தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுங்கள். பட்டும் சிந்தெட்டிக்கும் இதில் கலக்க வேண்டாம். சிந்தெட்டிக் வழுக்கும், பருத்தியோடு சேர்ந்து சுருங்காது. திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வெட்டுத்துணி அருமையான பொருள், குறுக்குவாக்கில் வெட்டி இழுத்தால் தானாகவே குழாய் போலச் சுருண்டுகொள்ளும். ஆனால் அது இழுபடும், சேலை இழுபடாது. இரண்டையும் ஒரே விரிப்பில் சேர்த்தால் மறுபடி கிண்ணத்துக்கே வந்து நிற்பீர்கள்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், மூன்றடி விரிப்பைப் போடாதீர்கள் என்பேன். நனைந்த பருத்தி தன் எடைக்கு மேல் தண்ணீர் குடிக்கும், ஒரே உருண்டையாகச் சேர்ந்து டிரம்மை ஆட்டும், நைந்த நாடாக்களை அறுக்கும். பெரிய பேசினில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காலால் மிதித்து அலசினால் போதும். கொடியில் ஒரு ஓரத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் கண்ணிகள் நீண்டு வட்டம் முட்டையாகிவிடும். மொட்டை மாடித் தரையில் பழைய பாய் போட்டு விரித்துக் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துவைக்காதீர்கள், நடுவில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். இன்னொன்று, இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். மொசைக் தரையிலோ டைல்ஸ் தரையிலோ இந்த விரிப்பு வழுக்கும். அடியில் ரப்பர் வலை போடாமல் விரிக்காதீர்கள். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் குளியலறை வாசலில் போடவே வேண்டாம்.

இனி அந்தக் கடைசி வரி. இது சாஸ்திரக் கேள்வி என்றால் நான் பதில் சொல்லத் தகுதியானவள் இல்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நான் துணியோடு புழங்கியவள், அந்த வகையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் வீடுகளில் ஒரு பருத்திச் சேலை உடுத்துவதோடு முடிந்ததே இல்லை. நைந்ததும் தூளியாகக் கட்டினார்கள், பிள்ளைக்கு அடியில் விரித்தார்கள், பிறகு தலையணை உறை, பிறகு அடுப்படியில் பிடிதுணி, கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. உங்கள் அம்மாவும் தன் அம்மாவின் சேலையை இப்படித்தான் கிழித்திருப்பார். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா என்ற போர்வை செய்கிறார்கள், வட கர்நாடகத்தில் கௌதி. பிள்ளைகள் அதில்தான் உருளுகிறார்கள். மனசு ஒப்பவில்லை என்றால் அதே வட்டத்தை ஒன்றேகால் அடியில் நிறுத்தி நாற்காலியில் போடுங்கள், பூஜையறையில் உட்காரும் ஆசனமாக வையுங்கள், பின்னல் முறை ஒன்றுதான். இழுத்ததும் அறுகிற நாடாக்கள் எந்தச் சேலையில் அதிகமோ அதைக் குரோஷாவுக்கு எடுக்காமல் நாலாக மடித்துக் காந்தா போலத் தைத்துவிடலாம். அதற்கு இழுவை இல்லை, நைந்த துணியும் தாங்கும். பதினொன்றையும் கிழித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அம்மா விசேஷத்துக்கு உடுத்தியது எது, வீட்டு வேலைக்கு உடுத்தியது எது என்று உங்களுக்குத் தெரியும். தினசரிச் சேலைகளை மட்டும் எடுங்கள். அவைதான் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்திருக்கும், விரிப்புக்கு அதைவிட நல்ல துணி கடையில் கிடைக்காது.

அளந்து பார்த்து உங்கள் எண் எத்தனை வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். அவிழ்ப்பதற்கு முன்னால் பக்கவாட்டிலிருந்து ஒரு படமும், கண்ணிகள் தெரிகிற மாதிரி நெருக்கத்தில் ஒரு படமும் போட்டால், குட்டைக் கண்ணியா உயரக் கண்ணியா என்று பார்த்துச் சொல்லிவிடுவேன்.